நாக்கு என்று மட்டும் எழுதியிருந்த படிவம்: ஒரு நிகழ்வு ஆய்வு

நான் நோய்க்குறியியல் மருத்துவர். சென்னையில் ஒரு மருத்துவமனையின் திசு ஆய்வுக்கூடத்தில் வேலை. எங்கள் அறைக்கு நோயாளிகள் வருவது அபூர்வம். ஃபார்மலின் டப்பாவில் திசு வரும், மெழுகில் பதித்த பிளாக் வரும், ஸ்லைடு வரும். 2023 பிப்ரவரியில் ஒரு நாள் மதியம் ஸ்லைடோடு சேர்ந்து ஆளும் வந்தார். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி ஏற்றி இறக்கும் 54 வயதுக்காரர். கூடவே கல்லூரியில் படிக்கும் மகள். அவர் வாயே திறக்கவில்லை, பேசினால் வலி. மகள்தான் ஓர் அறிக்கையை மேசைமேல் விரித்தாள்.

“டாக்டர், இது நல்ல வகை கேன்சர்னு போட்டிருக்காங்க. அப்புறம் ஏன் நைனாவுக்கு நாக்கை வெட்டணும்னு சொல்றாங்க?”

அந்தக் கேள்விக்கு அன்று பத்து நிமிடத்தில் பதில் சொன்னேன். முழுப் பதிலை எழுத இப்போதுதான் முடிகிறது. குடும்பத்தின் ஒப்புதலோடு, ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

நோயின் வரலாறு

நாக்கின் வலது ஓரத்தில் நான்கு மாதமாகப் புண். கடைவாய்ப் பல்லின் கூர்மை குத்துகிறது என்று நினைத்து முதலில் பல்லைப் பிடுங்கினார்கள். பல் போன பிறகும் புண் ஆறவில்லை. வலது காதுக்குள் குத்தல் எடுத்தது. காதில் ஒன்றுமில்லை, நாக்கின் வலி நரம்பு வழியாகக் காதில் தெரிந்தது. ஆறு கிலோ எடை குறைந்திருந்தது.

இருபது வருடத்துக்கும் மேலாக மாவா போடுகிறவர். பாக்குத் தூள், புகையிலை, சுண்ணாம்பு மூன்றையும் கசக்கிக் கன்னத்தில் அடக்கிக்கொள்வது வழக்கம். விடியற்காலை வேலையில் தூக்கம் வராமலிருக்க இதுதான் துணை என்றார். தமிழ்நாட்டில் 2013இல் குட்கா, பான் மசாலாவுக்குத் தடை வந்தது. மாவா இன்னும் சின்னச் சின்னப் பாக்கெட்டில் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. “வெறும் பாக்குதானே டாக்டரம்மா” என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். அந்த “வெறும்” என்ற சொல்லைக் கேட்டால் எனக்குப் பயமாக இருக்கிறது.

முதல் பயாப்ஸியை வேறோர் இடத்தில் எடுத்திருந்தார்கள். அரிசியளவில் இரண்டு துண்டுகள். ஆய்வுக்கூடத்துக்குப் போன படிவத்தில் ‘எடுத்த இடம்’ என்ற கட்டத்தில் ஒரே சொல்: நாக்கு. மிதமான வேறுபாடுள்ள ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, அதாவது வாயின் உட்பூச்சுச் செல்களில் தொடங்கும் புற்றுநோய் என்று சரியான பதில் வந்தது. ஆனால் அதோடு, யாரும் யோசித்துக் கேட்காமலே, தலை கழுத்துப் புற்றுநோய்க்கான ‘பேக்கேஜ்’ ஒன்றும் சேர்ந்துகொண்டது. பி16, ஈ.ஜி.எஃப்.ஆர்., கி-67 ஆகிய மூன்று புரதங்களுக்கான இம்யூனோ சாயங்கள். அறிக்கையின் அடியில் இருந்த வரி: ‘பி16 பாசிட்டிவ். ஹெச்.பி.வி. தொடர்புடைய புற்றுநோய். நோயின் போக்கு நன்றாக இருக்கும்.’

ஹெச்.பி.வி. என்பது மனித பாப்பிலோமா வைரஸ், சில புற்றுநோய்களுக்குக் காரணம். அந்த ஒரு வரி ஐந்து வாரத்தைத் தின்றுவிட்டது. அறுவை வேண்டாம், கதிர்வீச்சு மட்டும் போதும் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று குடும்பம் இடம் இடமாக அலைந்திருக்கிறது. அவர்கள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. எழுத்தில் நல்ல செய்தி கிடைத்தால் அதைப் பிடித்துக்கொள்ளாதவர் யார்?

பி16 எதைச் சொல்கிறது

செல் கண்டபடி பெருகாமலிருக்க உடம்பு வைத்திருக்கும் பிரேக்குகளில் பி16 ஒன்று. ஆர்.பி. என்ற இன்னொரு புரதம் இந்தப் பிரேக்கின் உற்பத்தியை அடக்கி வைத்திருக்கும். ஹெச்.பி.வி. வைரஸ் ஒரு செல்லுக்குள் குடியேறி ஆட்சியைப் பிடித்தால், அதன் ஈ7 என்ற புரதம் ஆர்.பி.யை அழித்துவிடும். அடக்க ஆளில்லாமல் போகவே பி16 செல் முழுக்கக் குவியும். சாயம் போட்டால் செல்லின் உட்கருவும் அதைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசமும் சேர்ந்து அடர்பழுப்பாகத் தெரியும். வைரஸை நேரில் பார்க்காமல், அது விட்டுச்சென்ற தடயத்தைப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தலை கழுத்துப் புற்றுநோய்களில் இந்தத் தடயத்துக்கு ஓரிடத்தில்தான் உறுதியான மதிப்பு உண்டு. அது தொண்டைப் பகுதி: டான்சில், நாக்கின் அடிப்பகுதி, மென்னண்ணம். 2010இல் வெளியான ஆர்.டி.ஓ.ஜி. 0129 ஆய்வில், தொண்டையில் முற்றிய நிலைப் புற்றுநோய் உள்ளவர்களில் ஹெச்.பி.வி. உள்ளவர்கள் மூன்று ஆண்டு முடிவில் 82.4 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், இல்லாதவர்களில் 57.1 சதவீதம். இவ்வளவு பெரிய இடைவெளியை மருந்துகளாலேயே உண்டாக்க முடிவதில்லை. அதனால்தான் புற்றுநோயின் நிலைகளை வகுக்கும் அமெரிக்கக் கூட்டுக் குழுவான ஏ.ஜே.சி.சி.யின் கையேடு, அதன் எட்டாம் பதிப்பில், பி16 பாசிட்டிவ் தொண்டைப் புற்றுநோய்க்கென்றே தனி நிலை அட்டவணை போட்டது.

தொண்டையிலும்கூட இதை வைத்துச் சிகிச்சையைக் குறைத்துவிடலாம் என்பதில்லை. ஹெச்.பி.வி. உள்ளவர்களுக்குக் கதிர்வீச்சோடு, சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துக்குப் பதிலாக, ஈ.ஜி.எஃப்.ஆரைத் தடுக்கும் செடுக்சிமாப் என்ற ஊசியைக் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2018இன் கடைசியில் வந்தன. இரண்டிலும் செடுக்சிமாப் பெற்றவர்களின் ஆயுள்தான் குறைந்தது.

வாய்க்குள் வந்தால் கதை மாறுகிறது. கன்னம், ஈறு, நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்கு, வாயின் தரைப்பகுதி ஆகிய இடங்களில் நம் ஊரில் வரும் புற்றுநோய்க்குப் புகையிலையும் பாக்கும்தான் பெரும்பாலும் காரணம். அங்கே ஆர்.பி. வேறு வழியில் சேதமாகியிருந்தாலும் பி16 கூடும். வைரஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. வாய்ப் புற்றுநோயில் பி16ஐ வைத்து நோயின் போக்கைச் சொல்லவும் முடியாது, சிகிச்சையை மாற்றவும் கூடாது. தொண்டையிலேயே, பல நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2023இல் வந்த ஓர் ஆய்வில், 9.2 சதவீதம் பேருக்கு பி16 முடிவும் வைரஸ் சோதனை முடிவும் ஒத்துப்போகவில்லை. ஹெச்.பி.வி. குறைவாக உள்ள பகுதிகளில், வைரஸ் இல்லாமலே பி16 பாசிட்டிவ் ஆகும் பங்கு கூடுதலாக இருந்தது. புகையிலைப் புற்றுநோய் மலிந்த நம் ஊரில் இதை மறந்துவிட்டு அறிக்கை எழுத முடியாது.

ஆக, ‘நாக்கு’ என்ற சொல் போதவே போதாது. நாக்கின் பின்பகுதியில் தலைகீழ் ‘வி’ வடிவில், சுவை மொட்டுகள் பதிந்த பெரிய புடைப்புகளின் வரிசை ஒன்று உண்டு. அதற்கு முன்னால் இருப்பது வாய். பின்னால் இருக்கும் அடிநாக்கு தொண்டையைச் சேர்ந்தது. இவருடைய புண் அந்த வரிசைக்கு நன்றாக முன்னால், வலது ஓரத்தில் இருந்தது. தலை கழுத்து அறுவை மருத்துவர் கண்ணாடி வைத்தும் விரலால் தொட்டும் பார்த்தார். அடிநாக்கு சுத்தமாக இருந்தது.

ஒரே மனிதர், இரண்டு அட்டவணை

எம்.ஆர்.ஐ.யில் கட்டி 3.4 சென்டிமீட்டர். நாக்குத் தசைக்குள் 12 மில்லிமீட்டர் ஆழம் போயிருந்தது. வலது கழுத்தில் 1.8 சென்டிமீட்டரில் ஒரு நிணநீர் முடிச்சு.

நிலை அட்டவணையில் ‘டி’ கட்டியைக் குறிக்கும், ‘என்’ நிணநீர் முடிச்சுகளைக் குறிக்கும், எண் கூடக் கூட நோய் முற்றியது என்று பொருள். இதே அளவுகளை பி16 பாசிட்டிவ் தொண்டை அட்டவணையில் வைத்தால் டி2, என்1. அது முதல் நிலை. வாய்ப் புற்றுநோய் அட்டவணையில் வைத்தால், ஆழம் 10 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டதால் டி3, என்1. அது மூன்றாம் நிலை. பல துறை மருத்துவர்கள் சேர்ந்து சிகிச்சையை முடிவு செய்யும் டியூமர் போர்டு கூட்டத்தில் இரண்டையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். பயிற்சி மருத்துவர்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பழைய ஸ்லைடையும் வாங்கிப் பார்த்தேன். அங்கே இரண்டாவது பிழை இருந்தது. பி16ஐ பாசிட்டிவ் என்று சொல்ல, கட்டிச் செல்களில் குறைந்தது 70 சதவீதம் உட்கருவிலும் சைட்டோபிளாசத்திலும் மிதமாகவோ அடர்த்தியாகவோ நிறமேறியிருக்க வேண்டும். இந்த ஸ்லைடில் திட்டுத் திட்டாக 40 சதவீதம்கூடத் தேறவில்லை. பல செல்களில் வெளிறிய சைட்டோபிளாச நிறம் மட்டும்தான். எங்கள் கூடத்தில் டான்சில் திசுவை ஒப்பிட்டுப் பார்க்கும் கண்ட்ரோலாக வைத்து மறுபடி சாயம் போட்டோம். அதே திட்டுகள்தான் வந்தன. பி16 நெகட்டிவ். வைரஸின் டி.என்.ஏ.வையும் தேடலாமே என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றேன். எந்தப் பதில் வந்தாலும் அறுவை அறுவைதான்.

மற்ற இரண்டு சாயங்களைப் பற்றியும் கேட்டாள் மகள். ஈ.ஜி.எஃப்.ஆர். ‘3+’ என்று இருந்ததால், அதற்கென்றே ஒரு ஊசி இருக்கிறதாமே என்று. தலை கழுத்து ஸ்குவாமஸ் புற்றுநோய்களில் ஏறக்குறைய 90 சதவீதத்தில் ஈ.ஜி.எஃப்.ஆர். கூடுதலாகவே இருக்கும். செடுக்சிமாப் யாருக்குப் பலிக்கும் என்பதை அந்தச் சாயத்தின் அடர்த்தி பிரித்துக் காட்டுவதில்லை. கி-67 செல்களின் பெருக்க வேகத்தைச் சொல்கிறது. இந்த நோயில் அதை வைத்து எந்த முடிவும் எடுப்பதில்லை. அதற்குள் ரத்தத்தில் எஸ்.சி.சி. ஆன்டிஜென், சைஃப்ரா 21-1 என்ற இரண்டு புற்றுநோய் மார்க்கர்களையும்கூடப் பார்த்திருந்தார்கள். ஆராய்ச்சியில் இடம் உண்டு, இவர் சிகிச்சையில் இல்லை. பணம் போனது ஒரு பக்கம். எனக்கு அதைவிட வருத்தம், அரிசியளவுத் திசுவில் மூன்று சாயங்களுக்காக வெட்டி வெட்டி, பிளாக்கில் கிட்டத்தட்ட மெழுகு மட்டும் மிஞ்சியிருந்ததுதான்.

மகளிடம் சொன்னேன்: “இது தப்பா எழுதின வரி கண்ணு. நைனாவுக்கு ஆபரேஷன்தான் முதல்ல. இனி ஒரு வாரம்கூடத் தள்ளக்கூடாது.” அவள் அழுதாள். அவர் மகளின் தலையில் கை வைத்தார்.

அறுவைக்குப் பின் மைக்ரோஸ்கோப்பில்

மார்ச்சில் அறுவை நடந்தது. நாக்கின் வலது பாதியும், வலது கழுத்தின் நிணநீர் முடிச்சுகளும் எடுக்கப்பட்டன. முன்கைத் தோலை ரத்தக்குழாயோடு எடுத்து நாக்கை மீட்டமைத்தார்கள். திசு எங்களிடம் வந்தது.

கட்டி 3.6 சென்டிமீட்டர், ஆழம் 13 மில்லிமீட்டர். வெட்டிய விளிம்புகளில் மிக நெருங்கியதுகூடக் கட்டியிலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளி, அது நிம்மதி. ஆனால் நரம்பைச் சுற்றிக்கொண்டு செல்கள் ஊர்ந்திருந்தன. 34 முடிச்சுகளில் இரண்டில் நோய். அவற்றில் ஒன்றில் உறையை உடைத்துக்கொண்டு 3 மில்லிமீட்டர் வெளியே வந்திருந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட முடிச்சு, அதிலொன்றில் உறை உடைந்திருந்தால் என்3பி. நிலை: நான்கு பி.

ஒரு வரியில் முதல் நிலை என்று நம்ப வைக்கப்பட்ட மனிதர். ஸ்கேனில் மூன்றாம் நிலை. மைக்ரோஸ்கோப்பில் நான்கு பி. இந்தக் கடைசிக் கணக்கில் எந்த விசேஷப் புரதச் சாயமும் பங்கெடுக்கவில்லை. நூறு ஆண்டுக்கு மேலாகப் பயன்படும் ஹிமடாக்சிலின், ஈயோசின் என்ற ஊதாவும் ரோஜாவும், ஒரு அளவுகோலும், முடிச்சுகளை ஒன்றுவிடாமல் விரலால் தேடியெடுத்த எங்கள் டெக்னீஷியனின் பொறுமையும்தான். புது மார்க்கர்களின் பெயர்களைக் கேட்டு ஆசைப்படும் இளையவர்களுக்கு இந்த ஸ்லைடைத்தான் முதலில் காட்டுகிறேன்.

உறை உடைந்த முடிச்சோ, நோய் ஒட்டிய விளிம்போ இருந்தால் அறுவைக்குப் பின் கதிர்வீச்சோடு கீமோவும் சேர்க்க வேண்டும் என்பது 2004இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகளால் நிலைபெற்ற விதி. இவருக்கு 66 கிரே (கதிர்வீச்சின் அலகு) அளவு கதிர்வீச்சும், வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டினும். ஆறு தவணை தாங்கினார். வாய் புண்ணாகி மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி போனது. ஜூனில் முடிந்தது. ஆடியில் துறைமுகத்துக்குப் போய், வேலைக்கு இல்லாமல், சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தாராம்.

திரும்பி வந்தபோது

2024 மே. கழுத்தில் தழும்புக்குக் கீழே 3.1 சென்டிமீட்டரில் கட்டி. சி.டி.யில் நுரையீரலில் மூன்று சிறு முடிச்சுகள். இனி முழுக் குணம் என்ற பேச்சில்லை. எவ்வளவு காலம், எவ்வளவு வலியில்லாமல் என்பதே கேள்வி.

இப்போதுதான் ஒரு புரதச் சாயத்துக்கு உண்மையான வேலை வந்தது. பி.டி.-எல்1. நோய் எதிர்ப்புப் படையான நம் டி செல்கள் கட்டியைத் தாக்க வரும்போது, கட்டியின் மேற்பரப்பில் இருக்கும் பி.டி.-எல்1, டி செல்லின் பி.டி.-1ஐப் பிடித்து அதை அடங்கச் செய்கிறது. அந்தக் கைப்பிடியை விலக்கும் மருந்துகள்தான் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப். பி.டி.-1ஐக் கண்டறிந்த தசுகு ஹொஞ்சோ 2018இல் ஜேம்ஸ் அலிசனோடு நோபல் பரிசு பெற்றவர்.

தலை கழுத்துப் புற்றுநோயில் இதை சி.பி.எஸ். என்ற எண்ணாகச் சொல்கிறோம். நிறமேறிய கட்டிச் செல்கள், லிம்ஃபோசைட்டுகள், மேக்ரோஃபேஜ்கள் (பின்னவை இரண்டும் நோய் எதிர்ப்புச் செல்கள்) எல்லாவற்றையும் கூட்டி, உயிருள்ள மொத்தக் கட்டிச் செல்களின் எண்ணிக்கையால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். நூறுக்கு மேல் போனாலும் நூறு என்றே எழுதுவோம். எண்ணுவதற்குக் குறைந்தது நூறு உயிருள்ள கட்டிச் செல்கள் வேண்டும். நியூட்ரோஃபில், பிளாஸ்மா செல், செத்துப்போன பகுதி எதையும் சேர்க்கக்கூடாது. சொல்வது எளிது. மேக்ரோஃபேஜும் கட்டிச் செல்லும் தோளோடு தோள் உரசி நிற்கும் இடத்தில் எது எது என்று பிரிக்கக் கண் வலிக்கும். அதனால் எங்கள் கூடத்தில் இருவர் தனித்தனியாக எண்ணுகிறோம்.

முதல் பயாப்ஸியின் பிளாக்கில் ஒன்றும் இல்லை. அறுவைத் திசுவில் எண்ணினேன்: 8. கழுத்துக் கட்டியிலிருந்து ஊசியால் எடுத்த புதுத் திசுவில்: 25. ஒரே மனிதரின் ஒரே நோய். கட்டி இடத்துக்கிடமும் காலத்துக்குக் காலமும் மாறுகிறது. கதிர்வீச்சும் கீமோவும் அதன் சுற்றுப்புறத்தை மாற்றியிருக்கின்றன. இரண்டு எண்ணையும், எந்தத் திசு, எப்போது எடுத்தது என்பதோடு அறிக்கையில் எழுதினேன். எதைக் கணக்கில் கொள்வது என்று போர்டில் கேட்டபோது, இப்போது உடம்பில் வளர்ந்துகொண்டிருப்பதன் எண்ணையே நான் நம்புவேன் என்றேன்.

எண்ணின் பொருள் இது. 2019இல் வெளிவந்த கீநோட்-048 ஆய்வில், சி.பி.எஸ். 20 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கு பெம்ப்ரோலிசுமாப் மட்டும் கொடுத்தபோது இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், 14.9 மாதம், செடுக்சிமாப் சேர்ந்த பழைய கீமோவில் 10.7. ஒன்று அல்லது அதற்கு மேல் என்று எடுத்தால் 12.3க்கு 10.3. கட்டி மூச்சை அடைக்கிறது, ரத்தம் கசிகிறது என்ற அவசரம் இருந்தால் கீமோவைச் சேர்ப்பார்கள். இவருக்கு அந்த அவசரம் இல்லை. எனவே எண்ணும் உடல்நிலையும் ஒரே பக்கம் கை காட்டின.

பெம்ப்ரோலிசுமாப் மூன்று வாரத்துக்கு ஒரு தவணை. செலவு லட்சங்களில். மகள் கேட்டது ஒரே கேள்வி: “டாக்டர், வீட்டை வித்தா எத்தனை ஊசி போடலாம்?”

அந்தக் கேள்வியை மருத்துவம் காதில் வாங்காமல் போகவில்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் குழு 2023இல் வெளியிட்ட ஆய்வில், நிவோலுமாபை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மூன்று வாரத்துக்கு வெறும் 20 மில்லிகிராம், மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப், எர்லோடினிப் என்ற மூன்று மாத்திரைகளோடு கொடுத்தார்கள். மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் ஓராண்டு முடிவில் 16.3 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். ஊசியும் சேர்ந்தபோது 43.4 சதவீதம். பணக்கார நாட்டு மருந்தின் அளவை நம் நோயாளிகளின் கைக்கெட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திய ஆய்வு இது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, மகிழ்ச்சியில்.

அந்த ஆய்வில் சேர சி.பி.எஸ். எண் நிபந்தனையாக இல்லை. அப்படியானால் நான் எண்ணியது வீணா? போர்டில் புற்றுநோய் மருத்துவர் இதையே வேறு விதமாகக் கேட்டார்: எண் பூஜ்யம் என்று வந்திருந்தால் என்ன செய்திருப்போம்? கீமோவின் பக்கம் சாய்ந்திருப்போம் என்பதே எல்லோருடைய பதிலும். 25 வந்ததால் நம்பிக்கையோடு நோய் எதிர்ப்புச் சிகிச்சைக்குப் போனோம். கைக்கெட்டிய அளவில் போனோம். எந்தச் சாயத்தைப் போடுவதற்கு முன்னாலும் இப்போது அந்தக் கேள்வியைத்தான் கேட்கச் சொல்கிறேன்.

இன்றைய நிலை

குறைந்த அளவு நிவோலுமாபும் அந்த மூன்று மாத்திரைகளும் 2024 ஜூனில் ஆரம்பித்தன. எர்லோடினிபால் முகமெல்லாம் பருப்போலக் கொப்புளம். மாத்திரை அளவைக் குறைத்ததும் அடங்கியது. நான்காம் மாதம் சோர்வு, குளிர் தாங்காமை. ஐஸில் வாழ்ந்த மனிதர் குளிருகிறது என்றதும் தைராய்டைப் பார்த்தார்கள். சுரப்பு குறைந்திருந்தது. கழுத்துக் கதிர்வீச்சும் காரணமாகலாம், ஊசியும் காரணமாகலாம். தைராக்சின் மாத்திரையில் சரியானது. செப்டம்பர் ஸ்கேனில் கழுத்துக் கட்டி 1.4 சென்டிமீட்டர். நுரையீரல் முடிச்சுகளில் ஒன்று மறைந்திருந்தது, மற்ற இரண்டும் சுருங்கியிருந்தன. 2025 பிப்ரவரியில் அவற்றில் ஒன்று 2 மில்லிமீட்டர் வளர்ந்திருக்கிறது. மருந்தை மாற்றவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

2025 ஜூனில் அமெரிக்க மருந்து ஆணையம், அறுவைக்கு முன்னும் பின்னும் பெம்ப்ரோலிசுமாப் கொடுக்க, சி.பி.எஸ். ஒன்று அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கு ஒப்புதல் தந்தது. கீநோட்-689 ஆய்வின் விளைவு அது. இவரைப் போன்ற ஒருவர் இனி முதன்முறையாக வந்தால், அறுவைக்கு முந்தைய அந்த அரிசியளவுத் துண்டிலேயே நான் எண்ண வேண்டியிருக்கும். அதில் தேவையில்லாத சாயங்களுக்கு ஒரு வெட்டுகூடக் கொடுக்க முடியாது. எங்கள் படிவத்தை மாற்றிவிட்டோம்: ‘நாக்கு’ என்ற கட்டம் இல்லை. ‘நாக்கின் முன்பகுதி’, ‘அடிநாக்கு’ என்று இரண்டு கட்டங்கள். இரண்டும் காலியாக இருந்தால் டெக்னீஷியன் போன் செய்து கேட்ட பிறகுதான் பி16 சாயம் போடுவார்.

சென்ற வாரம் 19ஆவது தவணை. மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். ஒவ்வொரு ஸ்கேனுக்கு முன்பும் எனக்குப் போன் செய்து ஒன்றையே கேட்பாள்.

“டாக்டர், நைனாவோட பிளாக் உங்ககிட்ட பத்திரமா இருக்குல்ல? தீர்ந்துடலையே?”

கழுத்திலிருந்து ஊசியால் எடுத்த திசு நூலளவுதான். நேற்று அலமாரியிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இன்னும் நாலைந்து வெட்டுக்குத் தாங்கும். அதை அவளிடம் சொன்னேன்.